அரைவாசிப் பற்றரியும் நஸீர் நானாவும்

திங்கள் காலை ஓட்டோ ஓட்டும் பாலன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், நஸீர் நானா மௌத்தாகிட்டாராம். நெஞ்சுவலியாம்." கதிரையில் இருந்தபடியே அழுதேன். கூடவே, இனி என் அளவீட்டைப் பிழை என்று சொல்ல ஆளில்லை என்ற நினைப்பும் வந்தது. சீ, என்ன மனுசி நான்!

கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர் நானா, கப்பல்துறை ஊரில் எங்கள் பற்றரி மாற்றும் நிலையத்தின் பொறுப்பாளர். மின்சார ஓட்டோக்காரர்கள் சார்ஜ் இறங்கிய பற்றரியைக் கொடுத்து, நிறைந்ததை வாங்கிப் போவார்கள். அதனால் எவ்வளவு காபன் புகை மிச்சமாகிறது என்று அளப்பது என் வேலை. நான் பல்கலைக்கழகம் வரை படித்தவள். அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் என் கேள்விக்கு வாய் திறக்காத சாரதிகள் அவரிடம் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டுவார்கள். சேர்ந்த முதல் வாரமே எனக்கு அது பொறுக்கவில்லை.

என் முதல் அறிக்கையைத் தலைமையகம் மெச்சியது. ஒரு தடவை மாற்றினால் ஒரு முழுப் பற்றரி ஓடித் தீர்ந்தது, அவ்வளவு பெற்றோல் மிச்சம் என்று பெருக்கியிருந்தேன். அந்த எண்ணை நம்பிப் புதிய நிலையங்களுக்கும் திட்டம் போட்டார்கள். நானா அறிக்கையை நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்:

"மிஸ், காலமை வாற பற்றரியில எவ்வளவு சார்ஜ் கிடக்கெண்டு பாத்தீங்களா?"

"ஏன் நானா?"

"பாதிக்கு மேல கிடக்கும். முதல் ஹயர் ஓட்டத்தைக் குறையோட தொடங்க ஏலாதெண்டு மாத்துறாங்க. கோயிலுக்குப் போறவரும் அப்படித்தான், தொழப் பள்ளிக்குப் போறவரும் அப்படித்தான். நிலையத்துக்குப் பற்றரி ஏத்திக்கொண்டு வாற டீசல் வானிட புகையையும் கணக்கில சேருங்க."

எனக்கு முகம் சுட்டது. சல்லிக் கிராமத்து மீனவரான என் அப்பா எஞ்சினுக்கு முழுதாக எண்ணெய் நிரப்பாமல் கடலுக்கு இறங்கமாட்டார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு உறைக்காதது இவருக்கு எப்படி உறைத்தது?

அதன்பின் திரும்பி வரும் ஒவ்வொரு பற்றரியின் சார்ஜையும் அவர் ஒரு கொப்பியில் குறித்துத் தந்தார். நான் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். காணும்போதெல்லாம், "திருத்தியாச்சா மிஸ்?" என்பார். "ஓம் நானா, பாப்பம்" என்பேன். போன மாதமும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லாப் பாருங்க. ஆனா என்ட கண் தெரியேக்கயே காட்டிப்போடுங்க."

துக்கம் கேட்க மையத்து வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை நிறைய ஓட்டோக்கள் நின்றன. வளர்ந்த ஆண்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள். நான் செத்தால் இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் நின்றும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்றுத் திருத்திய அறிக்கையை எழுதி முடித்தேன். புதிய எண் பழையதைவிட மிகச் சிறியது. 'முன்னைய அளவீடு பிழை. பிழை என்னுடையது. கண்டுபிடித்தவர் நஸீர்' என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். மேலாளர் படித்துவிட்டு, "கடைசி வசனம் தேவையா? ஆள்தான் இல்லையே" என்றார்.

தேவை என்றேன். அந்த ஒரு வசனத்தை நானா வாசித்துவிடக்கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் இழுத்தடித்தேன்.

போய் வாருங்கள், நானா. உங்கள் பெயரை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிய எரியத்தான் எழுதினேன்.