மோட்டார் நேரமும் விளக்கு நேரமும்

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வாரமாகப் பொழுது சாய்ந்தும் விளக்கு எரியவில்லை. மெல்போர்னில் மே மாதம் ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தெருவில் எல்லா ஜன்னலும் மஞ்சளாகத் தெரியும்போது அந்த ஒரு வீடு மட்டும் கருப்பாக நிற்கும். அங்கே கென் என்ற பெரியவர் தனியாக இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் அவருடைய டிவி சத்தம் வேலியைத் தாண்டி எங்கள் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். இப்போது சத்தமும் இல்லை, சாயங்காலச் சமையல் வாசனையும் இல்லை. ஊருக்குப் போய்விட்டாரோ என்றால், கார் வாசலிலேயே நிற்கிறது. மத்தியானத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். இருட்டிய பிறகு இருமல் மட்டும் கேட்கிறது.

நான் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரன். பத்தாவது வரை படித்து, ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் சமையல்கட்டில் கரண்டி பிடித்து, அந்தக் கைவேலையை நம்பியே இங்கே வந்தவன். ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் விடியற்காலை வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். சமையல்கட்டு அலமாரியின் மேல்தட்டுதான் எங்கள் பூஜை அறை. பொழுது சாயும்போது நானும் என் மனைவி செல்வியும் அங்கே விளக்கேற்றி எங்கள் மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் அந்த ஒன்றை மட்டும் ஆண்டவன் எங்களிடமிருந்து பறிக்கவில்லை.

அன்று விளக்கேற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிய செல்வி சொன்னாள்: "ஏனுங்க, அந்த ஊட்டுல யாரோ தவறிட்டாங்க போல இருக்குதுங்க."

"உங்கிட்ட யாரு சொன்னா?"

"வந்து சொல்லோணுமாக்கும்? ஒரு வாரமா வெளக்கும் இல்லீங்க, அடுப்பும் இல்லீங்க. அவருக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னு சொன்னாருல்ல, அந்தம்மாவாத்தான் இருக்கும். நாம ஒரு வார்த்தை போயிக் கேக்கலீன்னா நாமெல்லாம் மனுசங்களா?"

அவள் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சாமி விளக்கும் ஏற்றாமல் அடுப்பும் மூட்டாமல் ஒரு வீடு இருந்தால் எங்கள் பக்கம் அது துக்க வீடுதான். அந்த வீட்டுக்காரர்கள் சமைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் சோறாக்கிக் கொண்டுபோவோம். போகிறவர்களை யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். நாமும் கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. கையைத் தொட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, பேசாமல் எழுந்து வர வேண்டும். நான் காரம் குறைத்து ரசம் வைத்து, சோற்றைக் குழைய வடித்து, ஒரு தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த கென் கையில் டார்ச் வைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். வெளியில் அடிக்கிற குளிர் அப்படியே உள்ளேயும் இருந்தது. போசியைக் கொடுத்துவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சாரி, கென். வெரி வெரி சாரி" என்றேன். அவர், "ஃபார் வாட்?" என்றார். துக்கத்தில் இருக்கிறவர் அப்படித்தான் கேட்பார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்தபடி, பை என்றுகூடச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

"அழுதாருங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"இல்ல. முழிச்சாரு."

"பாவம், மனசு விட்டுப்போயிருக்கும்."

சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கென் டார்ச்சை அடித்துக்கொண்டு தன் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். குனிந்து முன்பக்கம் பார்க்கிறார், பின்பக்கம் தடவிப் பார்க்கிறார். பிறகு வேலியை ஒரு பார்வை. அப்புறம் எங்கள் வீட்டை ஒரு பார்வை. துக்கத்தில் மனிதர் என்னவோ செய்கிறார் என்று செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டரை மணிக்கு வந்து கதவைத் தட்டினார். கழுவிய போசிக்குள் நான்கு எலுமிச்சம்பழம். ரசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, ஆனால் நீ என்ன செய்தாய் என்று சொல்லிவிடு, என் காரில் ஒரு கீறலும் தெரியவில்லையே என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் சொன்னேன். கேட்கக் கேட்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சாகவில்லை, தங்கை நன்றாக இருக்கிறாள், இது கரண்டு சமாசாரம் என்றார். அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தவர் அவசரமாக வெளியே ஓடினார். நானும் பின்னால் போனேன். அவர் வீட்டுப் பக்கச் சுவரில் மீட்டர் பெட்டி. அதைத் திறந்து மெயின் சுவிட்சையே கீழே இழுத்தார். இனி ஒன்பது மணிக்குத்தான் என்றார்.

கரண்டுக் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. இனிமேல் எத்தனை யூனிட் என்று மட்டும் பார்க்க மாட்டார்களாம். எந்த நேரத்தில் எடுத்த யூனிட் என்றும் பார்ப்பார்களாம். 'டைம் ஆஃப் யூஸ்' என்று அதற்குப் பெயர். மத்தியானம் மூன்றிலிருந்து ஒன்பது வரை 'பீக்', விலை அதிகம். மற்ற நேரம் 'ஆஃப் பீக்', விலை குறைவு. அவர் அதைப் பார்த்துப் பயந்து, அந்த ஆறு மணி நேரமும் கரண்டே கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். லைட் இல்லை, ஹீட்டர் இல்லை, ஃபிரிட்ஜும் ஓடாது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வீட்டைச் சூடாக வைத்துக்கொள் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு, பென்ஷன்காரன் என்ன செய்வது என்று கையை விரித்தார். குளிர்காலம் இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை. இப்படியே ஆகஸ்ட் வரைக்கும் போனால் நாம் நிஜமாகவே சோறு எடுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிடும் என்று பயந்தேன்.

அதே கடிதம் எனக்கும் வந்திருந்தது. திருநீற்றுப் பொட்டலத்துக்கு அடியில் பத்திரமாக இருந்தது, நான் படிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் கடிகாரம்போல ஒரு வட்டம், இரண்டு கலர். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வெள்ளக்கடைக்குப் போன் போட்டு என் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் குடும்பத்தில் காபியும் மிளகும் பீன்ஸும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"ஏனுங்ணா, நேரம் பாத்துக் கரண்டு எடுக்கறதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாச்சுங்களே, அதான் கேக்கறேன்."

"என்றா சாமி, அங்கயும் த்ரீ பேஸ் தொல்லையா?" என்று அண்ணன் சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. "லைட்டையுமா நிறுத்தறாரு?"

"மெயினையே இழுத்துடறாருங்ணா."

"அட கண்ணு! த்ரீ பேஸ் போயிட்டா நாம என்ன இருட்டுலயா உக்காந்திருந்தோம்? மோட்டாருதான் ஓடாது. லைட்டு எரியும், ஃபேன் சுத்தும், உங்க அண்ணி பாட்டுக்கு டிவி பாத்துட்டுத்தான் இருப்பா. எது மோட்டாரு, எது வெளக்குன்னு பிரிச்சுக் குடு அவருக்கு. இதுக்குப் போயி ஆஸ்திரேலியாவுல இருந்து போனு!"

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு குறிப்பிட்ட நேரம்தான் வரும். அது வரும் நேரத்துக்குத் தகுந்தபடிதான் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூடக் கிளம்புவார்கள். தண்ணீர் கட்டாமல் யாரும் வேட்டி மாற்ற மாட்டார்கள். ஆனால் மோட்டார் நின்ற பிறகும் வீட்டுக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். நான் பத்தாவது படித்ததே அதன் கீழேதான். இத்தனையும் என் கைக்குள் இருந்தும், இங்கிலீஷில் ஒரு வட்டம் போட்டு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

அடுத்து வந்த என் லீவு நாளில் நாங்கள் இருவரும் கென் வீட்டுக்குப் போனோம். செல்வி தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். அது அவள் யோசனை. சிவப்புப் பொட்டு ஒட்டினால் அது மோட்டார், மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். வாஷிங் மெஷினுக்கு ஒரு பொட்டு. துணி காய வைக்கும் டிரையருக்குப் பெரிய பொட்டு. கேக் சுடுகிற ஓவனுக்கு ஒன்று. வெந்நீர்த் தொட்டிக்கு டைமர் இருந்தது. மத்தியானமே கொதித்து நிற்கும்படி அதை அவரையே திருப்பி வைக்கச் சொன்னோம். பல்புக்கும் டிவிக்கும் பொட்டு இல்லை. அவை குடிக்கிற கரண்டு கொஞ்சம். ஃபிரிட்ஜை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் சாமான் கெடும், திரும்பப் போட்டதும் விட்டதைப் பிடிக்க ஓடும். ஏன் சாயங்காலம் மட்டும் விலை அதிகம் என்று கென் கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து அடுப்பையும் ஹீட்டரையும் போடுகிறார்கள், கூரையில் வெயில் வாங்கும் தகடுகளும் அந்நேரம் படுத்துவிடுகின்றன. சேலத்திலிருந்து மலையேறுகிற கடைசி பஸ்ஸில் எல்லாரும் தொங்குவதுபோல என்றேன். பஸ் புரிந்தது, மலை புரியவில்லை.

ஹீட்டர் பக்கம் வந்ததும் செல்வி பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கணக்குப்படி அதுவும் மோட்டார்தான், நிறையக் குடிக்கும். ஆனால் நெஞ்சில் சளியோடு இருக்கிற மனிதனுக்கு அது விளக்கு. பொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம் பன்னிரண்டுக்கே போட்டு, கதவையும் திரையையும் சாத்தி, வீட்டைச் சூடேற்றிவிடுங்கள். மூன்றுக்கு மேல் ஓர் அறைக்கு மட்டும் எரியட்டும். இருட்டும் நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், ஒரு ஹீட்டருக்கு மூன்று பேராக இருப்போம் என்றேன். தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"ரசம் வெப்பேன்னு சொல்லுங்க, வருவாரு," என்றாள் செல்வி.

வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தார். நாங்கள் விளக்கேற்றும்போது கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள், டிரையரில் இருக்கிற சிவப்புப் பொட்டு மெஷினுக்கு ஆசீர்வாதமா என்று கேட்டார். ஆமாம், அதுவும்தான் என்றேன். ஜூலையில் இருமல் நின்றது. சேர்வராயனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று: அந்தக் கடிதத்தைத் திருநீற்றுக்கு அடியில் வைக்காதீர்கள். உங்கள் ஊரில் எந்த நேரம் பீக், சனி ஞாயிறு எப்படி என்று பாருங்கள். வேண்டாமென்றால் ஒரே விலைக்கு மாற்ற முடியுமா என்று போன் செய்து கேளுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் என்ன புரிந்துகொண்டார் என்றும் கேளுங்கள்.

இந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். முடிந்து வைத்த காசை உண்டியலில் போட்டேன். மறுநாள், வெள்ளக்கடையில் நல்ல வெயில். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும், மெல்போர்னில் அப்போது ஐந்தேகால். அண்ணன் மும்முனைக் கரண்டு வந்துவிட்டதென்று கிணற்றுப் பக்கம் போனார். நான் என்னையறியாமல் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க கொழுந்தனாரே தேடறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"தீப்பெட்டிங்க அண்ணி. வெளக்கு வெக்கற நேரம்."

"பட்டப்பகல்லயா?" என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சமயம் செல்வி போனில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இருட்டு. அலமாரித் தட்டில் எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "உங்க சிநேகிதரு இன்னும் வல்லீங்க. தங்கச்சி வந்திருக்குதாம், இன்னிக்கு அவங்க ஊட்லயே சமையலாம்," என்று சொல்லி, போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வேலிக்கு அப்பால் கென் வீட்டு ஜன்னல் மஞ்சளாக எரிந்தது.

உச்சி வெயிலில் நின்றுகொண்டு அந்த வெளிச்சத்தைக் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கியது.