படியிறங்கி ஓடிய காட்சி

என் கணவர் எழுதிய ஒரே நாவலில் வரும் கெட்டவள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் அது தொடராக வந்த காலத்திலேயே மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. பத்திரிகை தில்லிக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். வந்த அன்று சாயங்காலம் கோயிலில் பெண்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் இடது மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அங்கே குக்கர் சுட்ட தழும்பு இருக்கிறது. நாவலின் கதாநாயகிக்கும் அதே மணிக்கட்டில் அதே தழும்பு. இந்த மனிதருடைய கற்பனை அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு ஹைதராபாத் போக வேண்டும். பெட்டி வாங்கி வைத்த பிறகு கர்ப்பம் என்று தெரிந்தது. இவர் அமைச்சக வேலையாக அஸ்ஸாம் போயிருந்தார். யாரிடமும் சொல்லாமல் நான் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கலைத்துவிடலாம் என்று. டாக்டரம்மா அன்றைக்கு லீவு. திரும்பி வந்துவிட்டேன். மகள் பிறந்தாள், வேலை போயிற்று.

மகள் நடக்கப் பழகிய பிறகு ஒரு குளிர்காலத்தில், இவரும் நானும் ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, இதை அவரிடம் சொன்னேன். புருஷன் என்று நினைத்துச் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "டாக்டர் லீவு இல்லேன்னா?" என்று மட்டும் கேட்டார். நான் உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினேன். மேற்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறு வருடம் அது அச்சில் வந்தது, பட்டாணித் தோல் உட்பட. அந்த அத்தியாயத்தின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'அந்தக் குழந்தை பிறந்ததற்குத் தாய் காரணமில்லை, ஒரு டாக்டரின் லீவு விண்ணப்பம்தான் காரணம்.' வாசகர்கள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். இவர் ஒவ்வொன்றையும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பெண் மனதின் இருட்டை இப்படி எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியும், மனைவியைப் பேசவிட்டுப் பட்டாணி உரித்தால் போதும்.

அப்போது நான் ஒன்று முடிவு செய்தேன். என் மகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளி இருந்தது. நல்ல பள்ளி. இவர் அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று குதித்தார். நான் எதிர்காலம், போட்டி, இங்கிலீஷ் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வேறு பள்ளியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அனுப்பவில்லை. ஒரு வாரம் ஜுரம் என்றேன், அடுத்த வாரம் டிராயிங் கிளாஸ் என்றேன். எழுத்தாளர் வீட்டுப் பெண்ணுக்கு அ, ஆ தெரியவில்லையே என்று தமிழ்ச் சங்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். வீட்டு அலமாரியில் அந்த நாவல் புத்தகமாகக் கண் முன்னால் இருந்தது, அவள் தொட்டு எடுத்துத் தூசு தட்டி வைப்பாள், அட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். இது தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

இப்படியே நிம்மதியாகப் போயிருக்கும். மகளுக்குக் கல்யாணமான பிறகு நொய்டாவிலிருந்து அந்த இரண்டு பேர் வந்தார்கள்.

ஒரு பையன், ஒரு பெண். வெப் சீரிஸ் எடுக்கும் கம்பெனி. தமிழில் ஏதோ புகழ்பெற்ற நாவல் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பும் கிடையாது. அதனால் இவரே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து முழு நாவலையும் இந்தியில் வாயாலேயே சொன்னார். அவர்கள் மொபைலில் பதிவு செய்துகொண்டார்கள். இவருடைய இந்தி ஆபீஸ் கோப்பு இந்தி. கதாநாயகி அழுதாள் என்பதையே ஏதோ ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட கோப்பு மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரி அத்தியாயம் வந்தபோது நான் சமையலறையில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஈடு முழுக்கத் தீய்ந்தது.

"இது நிஜமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பில்குல் அஸ்லி" என்றார் இவர், அத்தனையும் நிஜம் என்று நெஞ்சை நிமிர்த்தி.

அவர்கள் போனதும் சொன்னேன். "அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. இந்தியில வந்தா நம்ம பொண்ணு பார்ப்பா."

"அதை எடுத்துட்டா அதுல என்ன இருக்கு? மிச்சமெல்லாம் ஆபீஸ் கதைதானே" என்றார்.

அவர் நாவலைப் பற்றி அவர் சொன்ன ஒரே நியாயமான விமர்சனம் அதுதான்.

அடுத்த வருடம் மகள் உண்டானாள். அவள் கட்டியிருப்பது பஞ்சாபிப் பையனை. தில்லியின் மறுகோடியில் ரோஹிணியில் வீடு. அவர்கள் பக்கத்தில் மருமகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இல்லை. நான் விடவில்லை. எங்களில் முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று சம்பந்தியம்மாவிடம் மாதக்கணக்கில் கெஞ்சினேன், கொஞ்சினேன், ஒருமுறை போனை வைத்துவிட்டு அழவும் செய்தேன். கடைசியில் மகளே "நான் அம்மாகிட்டதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் வாழ்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இவருடைய புத்தகங்களை அள்ளி பால்கனியில் போட்டு, அவை இருந்த அறைக்கு அவளுக்காக வெள்ளையடித்தேன். அந்த நாவலை மட்டும் இவர் விடாமல் ஹால் அலமாரிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

ஏழாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. காலையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிப் பெண்கள் வந்து இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். சம்பந்தியம்மா புளியோதரையைக் கிச்சடி என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, மகள் கன்னத்தைத் தட்டி, என்னைப் பார்த்து "இனி உங்க பொறுப்பு" என்றாள். மருமகன் தன் அம்மாவை ரோஹிணியில் விட்டுவிட்டு, மகளுடைய துணிப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

அந்த வாரம்தான் சீரிஸ் வெளியாகியிருந்தது. மத்தியானம் மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு டி.வி.யில் போட்டாள். இவர் நாற்காலியை டி.வி.க்கு இரண்டடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெயர்கள் ஓடின. சாப்பாடு சப்ளை செய்தவர்களுக்கு அப்புறம் இவர் பெயர் வந்தது. கதை லக்னோவில் நடந்தது. ஆபீஸ் வேலைக்குப் பதிலாகக் கதாநாயகி கதக் ஆடினாள். இவர் "சே", "சீ" என்று ஏதோ சுண்டலில் கல் அகப்பட்ட மாதிரி சத்தம் செய்துகொண்டே இருந்தார். நான் ரசித்தேன். முப்பது வருடத்தில் அவருடைய நாவலை நான் ரசித்தது அப்போதுதான்.

கதாநாயகியின் மணிக்கட்டைக் காட்டினார்கள். மேக்கப்காரர் தாராளமாகப் போட்டிருந்தார், தோசை அளவுக்குத் தழும்பு.

"அம்மா! ஏய், இது நீதானே!" மகள் என் கையைப் பிடித்து வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, அம்மாவையா எழுதினீங்க? ஸச்சி? நிஜமாவா?"

"பின்னே?" என்றார் இவர்.

எழுந்து போகலாமென்றால் மடியில் அவள் தலை. அந்தக் காட்சி வந்தது. நடிகை ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறாள். சீட்டு வாங்குகிறாள். பெயரைக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் இருக்கிறாள், கையுறை போட்டுக்கொண்டு தயாராக இருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயலின் சத்தம் கேட்டுத் திறந்தேன். நடிகை எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். வராந்தா முழுக்க ஓடி, படியிறங்கி, வெளியே கொட்டுகிற மழையில் போய் நின்று, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் லீவும் இல்லை, லீவு விண்ணப்பமும் இல்லை.

பொய்தான். முழுப் பொய். ஆனால் கதையை மாற்றி எழுதிய முகம் தெரியாத எவனோ ஒருவன் எனக்குச் செய்த அந்தப் பேருதவியை என் வீட்டில் யாரும் செய்ததில்லை. மகள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். வளையல்கள் என் புறங்கையில் குளிர்ச்சியாகப் பட்டன. உள்ளே குழந்தை அசைந்தது. என் வாழ்க்கையில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்த ஒரு நிமிஷத்தைக் காட்டு என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

"நாசமாக்கிட்டானுவ!" இவர் எழுந்து டி.வி.யை நிறுத்தினார். "என் அத்தியாயத்தையே கொன்னுட்டானுவ. மழையாம், ஓட்டமாம். இப்படியா நான் எழுதினேன்?"

"விடுங்க" என்றேன்.

"எப்படி விடறது? நாளைக்கு இவ பிள்ளைகிட்டயே தாத்தா இந்தக் குப்பையைத்தான் எழுதினார்னு சொல்லுவா. ஏம்மா, ஒனக்குப் படிக்கத்தானே தெரியாது? தமிழ் புரியுமில்ல? வாசிக்கேன், கேளு."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். என் புத்தியின் ஓட்டை அப்போதுதான் எனக்கே உறைத்தது. கண்ணைக் கட்டினேன், காதை விட்டுவிட்டேன். வீட்டில் பிறந்த நாளிலிருந்து தமிழ்தான் பேசினோம். தாலாட்டு பாடினேன், திட்டினேன், கதை சொன்னேன். அவளுக்கு ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் புரியும்.

"வேண்டாம்" என்றேன். "இன்னைக்கு வேண்டாம். உங்களைக் கும்பிடறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சங்கத்துக் கூட்டங்களில் வாசித்து வாசித்துப் பதமான குரல் அவருக்கு. நன்றாக வாசித்தார். பெட்டி, ஆஸ்பத்திரி, பூட்டிய கதவு, திரும்பி வரும் பஸ்ஸில் அவள் டாக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வருவது எல்லாம் வந்தது. திட்டியது மட்டும் அவருடைய சொந்தக் கற்பனை. கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார், கூட்டத்தில் கைதட்டலுக்கு நிறுத்துவது மாதிரி.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். தன் வயிற்றின் மேலிருந்த என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். முரட்டுத்தனமாக அல்ல, யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைத் திருப்பிக் கொடுப்பது போல.

"டாக்டர் லீவு இல்லேன்னா?" என்று கேட்டாள். அப்பன் கேட்ட அதே கேள்வி.

அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோனதை இந்தத் தடவை சொன்னேன். "திங்கட்கிழமை வரச் சொன்னாங்க. திங்கட்கிழமை டாக்டர் இருந்தாங்க. காலையில குளிச்சு, புடவை கட்டி, வாசல் வரைக்கும் வந்தேன். போகலை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துட்டேன். எனக்கு நீ வேணும்னு இருந்தது."

இவர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை ஆர்வமாக அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

"இதை ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லலை? நல்ல திருப்பமாச்சே! செருப்பைக் கழட்டறது பிரமாதம். ரெண்டாவது சீசன் பேச்சு அடிபடுது, அவனுவகிட்ட சொல்லிப் பார்க்கேன்."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நம்ப வேண்டும் என்றுதான் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது, தெரிந்துகொண்டிருக்கும்போதே போயிற்று.

"சீரிஸ்ல ஒண்ணு, புக்குல ஒண்ணு" என்றாள். "இது எதுல வருதும்மா?"

சாயங்காலம் மருமகன் பெட்டிகளோடு வந்தான். காரிலிருந்து இறக்க வேண்டாம் என்று அவள் இந்தியில் சொன்னாள். மாமியார் மம்மிஜிக்குத் தனியாகக் கஷ்டமாக இருக்கும், ரோஹிணியில் ஆஸ்பத்திரியும் பக்கம் என்றாள். கோபமாகப் பேசவில்லை. என் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் போனாள். லிஃப்ட் கீழே இறங்கும்வரை வளையல் சத்தம் கேட்டது. இவர் அந்த நேரம் நொய்டாவுக்குப் போன் போட்டுச் செருப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழந்தை ரோஹிணியில் பிறந்தது. பெண் குழந்தை. நான் ஸ்வீட் டப்பாவோடு மற்ற விருந்தாளிகளோடு வரிசையாக சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா நல்ல மனசுக்காரி, அவளாகவே குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை என்னிடம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். நான் திருப்பிக் கொடுக்கும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.