வைத்தியத்துக்கென்று போன பயணம்

ஐவிக்கு நெஞ்சில் நோய் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. சின்ன வயதில் ஒரு டொக்டர் குழாய் வைத்துப் பார்த்து, "லேசா ஒரு இரைச்சல் கேக்குது, பயப்பட ஒண்டுமில்லை" என்று சொன்னதோடு சரி. நாற்பத்து நாலு வயதிலும் உட்துறைமுக வீதியில் இருந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்வந்து படிப்பித்தாள். அந்த இரைச்சலை அவள் மறந்தே போயிருந்தாள். ஞாபகப்படுத்தியது புருசன் கிறிஸ்தோபர்தான்.

கிறிஸ்தோபர் துறைமுகப் பண்டகசாலையில் ஸ்டோர்கீப்பர். கப்பல்காரர் போட்டுவிட்டுப் போகும் பழைய சஞ்சிகைகளில் கோட்டை, கோபுரம், கல்லறை என்று எந்தப் படம் கண்டாலும் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைப்பார். மதுரையும் தஞ்சாவூரும் டெல்லியும் ஆக்ராவும் அவருக்குப் பார்க்காமலே பழகின ஊர்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. "கால் ஓயிறதுக்கு முன்னம் ஒருக்காப் பாத்திட வேணும்" என்று கலியாணம் கட்டின நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுபத்து நாலாம் ஆண்டு அது. வெளிநாடு போவதென்றால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க என்று கேட்டால் கிடைக்காது, வைத்தியத்துக்கென்றால் கிடைக்கும் என்று துறைமுகக் கந்தோரில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உமக்கு அந்த இரைச்சல் இருக்குத்தானே, ஐவி. முழுப் பொய்யெண்டு சொல்ல ஏலாது," என்றார் கிறிஸ்தோபர், மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில்.

ஐவி மறுக்கவில்லை. அவள் மறுத்திருந்தால் அவர் விட்டிருப்பார். அவளுக்கும் போக ஆசை இருந்தது.

தெரிந்த டொக்டர் ஒருவர் கடிதம் கொடுத்தார். அனுமதியும் வந்தது. ஆனால் பொய் கடிதத்தோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் திரேசம்மா விசயம் கேள்விப்பட்டதும் கோயிலில் சொல்லிவிட்டாள். ஐவி டீச்சர் சுகமாகத் திரும்பும்வரை வெள்ளிக்கிழமை தோறும் செபமாலை சொல்வதென்று பெண்கள் முடிவெடுத்தார்கள். புறப்படுகிற அன்று திரேசம்மா படலை வரை வந்து ஐவியின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். ஐவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கழி விடுமுறையில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மதுரையில் முதல்நாள் ஐவிக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. தெரிந்தவர்கள் யாராவது எதிர்ப்பட்டுவிடுவார்களோ என்று முகங்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். தஞ்சாவூரில்தான் கொஞ்சம் இளகினாள். பெரிய கோயில் முற்றத்தில் கிறிஸ்தோபர் தலையைப் பின்னால் சரித்துக் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தொப்பி கழன்று விழ, அதை எடுக்கவும் மறந்து சிரித்தார். பத்தொன்பது வருசத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அவரிடம் கண்டதில்லை.

ரயிலில் இரண்டு நாள் போய் டெல்லி. செங்கோட்டைச் சுவர் ஓரமாகக் கால் வலிக்க நடந்தார்கள். சந்தோசம் கூடக்கூட, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் விரல்விட்டு எண்ணினாள். ஆக்ராவுக்குப் போன நாள் வெள்ளிக்கிழமை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து தாஜ்மஹால் மெல்ல மெல்ல வெளியே வர, கிறிஸ்தோபர், பிள்ளைப் பேற்றில் செத்துப்போன மனைவிக்காக அரசன் அதைக் கட்டின கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சுகமாக இருக்கிறவளை நோயாளியாக்கிக் கூட்டிவந்து, செத்தவளின் கல்லறையைக் காட்டுகிறார் இந்த மனுசன் என்று ஐவி நினைத்தாள். பொழுது சாயிற நேரம் படம் பிடிக்கிறவன் ஒருவன் அவர்களைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தான். அந்நேரம் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பின்னேரம் ஐந்தரை. கோயிலில் பெண்கள் முழங்காலில் நிற்கிற நேரம்.

தையில் திரும்பி வந்தபோது நன்றிப் பூசை வைத்தார்கள். திரேசம்மா கட்டிப்பிடித்து அழுதாள். ஐவியும் அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். படங்களை அலுமாரியில் சேலைக்கடியில் வைத்துப் பூட்டினாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, குறிஞ்சாக்கேணியிலிருந்து றுக்கியா வந்தாள். அவளுடைய புருசன் ஸஹாப்தீன் துறைமுகத்தில் லோஞ்சுப் படகு ஓட்டுகிறவர், கிறிஸ்தோபருக்கு நல்ல பழக்கம். இருபத்தேழு வயதுப் பெண், நாலு படி ஏறி வந்து கதிரையில் இருந்தவளுக்கு மூச்சுத் திரும்ப வெகுநேரம் எடுத்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"டீச்சர், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ, றுக்கியா."

"எனக்கும் உங்கட வருத்தந்தான். கொழும்பில ஒப்பரேசனுக்குப் போன மாசத்துக்கு நாள் தந்தவங்க. இவர்தான் வேணாமெண்டுட்டார். உங்களுக்குச் செஞ்ச மதராஸ் டொக்டரிட்டயே போவமாம். டொக்டர்ர பேரெல்லாம் கிறிஸ்தோபர் ஐயா சொன்னாராம். அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கு."

மதராசும் டொக்டரும் ஐவி கேள்விப்படாத கதை.

றுக்கியா குரலைத் தாழ்த்தினாள். "கத்தி எண்டா எனக்குப் பயம், டீச்சர். வெட்டின இடத்தை ஒருக்காக் காட்டுவீங்களா? பாத்தா மனசு தைரியப்படும்."

ஐவி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியில் கை போய் நின்றுவிட்டது.

"தழும்பு இல்லை, றுக்கியா."

றுக்கியாவின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு நல்லாக் காஞ்சிட்டுதா?"

அதோடு விட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபிறகு ஐவியால் ஏலவில்லை. அலுமாரியைத் திறந்து, ஆக்ராப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இது தாஜ்மஹால்தானே?"

"ஓம்."

"அப்ப டொக்டர்?"

"டொக்டர் இல்லை. ஒப்பரேசனும் இல்லை. நாங்கள் ஊர் பாக்கப் போனனாங்கள்."

றுக்கியா படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஏசவில்லை. "போன மாசத்துக்கு நாள் தந்தவங்க," என்று மட்டும் இன்னொரு தரம் சொன்னாள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பஸ் வரைக்கும் ஐவி கூடப் போனாள். றுக்கியாவுக்கு மூச்சு வாங்க, வழியில் மூன்று தரம் நின்றார்கள்.

கிறிஸ்தோபர் வேலையால் வந்ததும் ஐவி கேட்டாள்: "ஸஹாப்தீனிட்ட என்ன சொன்னனீங்கள்?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "என்ன வைத்தியம், ஆர் செய்ததெண்டு விடாமல் கேட்டவர். வாயில வந்த ஒரு பேரைச் சொன்னனான். அவற்ற மனுசிக்கு வருத்தமெண்டு அப்ப எனக்குத் தெரியாது. பிறகு தெரியவந்தது."

"தெரிஞ்ச பிறகு?"

அவர் எழுந்து தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரமே இரண்டு படகுத்துறை கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனார்கள். கிறிஸ்தோபர் உள்ளதைச் சொல்ல, ஸஹாப்தீன் வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. "உங்கட வாயால வந்ததெண்டு நான் வேற ஒருத்தரிட்டயும் விசாரிக்கல்ல, ஐயா," என்றார். அதற்குப் பிறகு லோஞ்சில் கிறிஸ்தோபர் ஏறினாலும் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

கொழும்பில் மறுபடி நாள் கிடைத்தது ஆவணியில். ஐவி பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, றுக்கியாவுக்குத் துணையாகப் போய் மூன்று கிழமை வார்ட்டில் நின்றாள். ஒப்பரேசன் நடந்தது. உயிருக்கு மோசமில்லை. ஆனால் நெஞ்சு முன்னமே நன்றாகக் களைத்துவிட்டதென்றும், பாரமான வேலை இனிக் கூடாதென்றும் டொக்டர் சொன்னார்.

"மாசியில செய்திருந்தால்?" என்று ஐவி கேட்டாள்.

"அதை இப்ப கேட்டு என்ன செய்யப் போறீங்கள்?" என்றுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து திரேசம்மாவிடமும் உண்மையைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு பூசையில் திரேசம்மா, வழமையாக ஐவியோடு இருக்கிற வாங்கை விட்டு, வேறு வாங்கில் போய் இருந்தாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஐவி குறிஞ்சாக்கேணிக்குப் போகப் பழகினாள். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குசினியில் நிரப்புவாள், உடுப்புத் தோய்ப்பாள். அவள் தலை தெரிந்ததும் ஸஹாப்தீன் பின்பக்கத்தால் வெளியே போய்விடுவார். இப்படி நாலு வருசம் போனது. ஒருநாள் அடுப்படியில் பலகை போட்டு இருந்த றுக்கியா கேட்டாள்:

"டீச்சர், நீங்க எனக்காக வாறீங்களா, உங்களுக்காக வாறீங்களா?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு ஐவி யோசித்தாள். இன்னுமொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்காகவும்தான், றுக்கியா."

றுக்கியா பானையின் மூடியைத் திறந்து அகப்பையால் கிண்டினாள்.

"அப்ப இருங்க," என்றாள். "சோறு வெந்திட்டு. தின்னுட்டுப் போகலாம்."