தாடிக்கொம்பின் கொம்பு

காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில் எனக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு. இரண்டு பேர் ஒரே விடையைச் சரியாக எழுதியிருந்தால், படித்திருக்கிறார்கள் என்று விட்டுவிடுவேன். ஒரே தப்பை இரண்டு பேர் எழுதியிருந்தால் இருவரையும் எழுப்பி நிற்கவைப்பேன். அந்த வழக்கம் ஒருநாள் என் மேலேயே திரும்பும் என்று நினைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. தாடிக்கொம்பில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வீடு திண்டுக்கல்லில். கேள்வித்தாளைத் தமிழில் அடிக்க, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருள் கிடைத்தது. அதை உருவாக்குகிறவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். என்னைப் போன்றவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே கோளாறு என்று அவர்களுடைய இணையதளத்தில் எழுதவேண்டும். இன்னொருவர் அதைச் சோதித்து "எனக்கும் வருகிறது" என்றோ "எனக்கு வரவில்லை" என்றோ பதிவார். இரண்டாவது ஆள் சொன்னால்தான் நிரல் எழுதுகிறவர்கள் திரும்பியே பார்ப்பார்கள். யாரும் யாரையும் எளிதில் நம்பாத அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாலையில் பள்ளி விட்டதும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். ஒருநாள் பள்ளி முகவரியை அடித்தபோது "தாடிக்கொம்பு" உடைந்து வந்தது. "கொ"வில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. ஊர்ப் பெயரிலேயே கொம்பு இருந்தும் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எழுதி அனுப்பினேன். நான் எழுந்து கிளம்புவதற்குள் யாரோ ஒருவர் "எனக்கும் வருகிறது" என்று பதிந்துவிட்டார். புனைபெயர்தான் தெரிந்தது. அடுத்து நான் எழுதிய கோளாறுகளுக்கும் அதே ஆள், அதே வேகத்தில் ஆமாம் போட்டார்.

அந்த வேகம் எனக்கே உறுத்தியது. ஒருங்கிணைப்பாளருக்கும் உறுத்தியிருக்கிறது. அவர் எங்கோ வெளிநாட்டில் இருந்த தமிழர். அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "இரண்டு கணக்குகளும் ஒரே இணைப்பிலிருந்து வருகின்றன. நீங்கள் இருவரா, ஒருவரா? தாடி, கொம்பு என்று ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா? இந்த வாரத்துக்குள் நிரூபிக்காவிட்டால் இரண்டு கணக்கையும் மூடி, நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் நீக்கிவிடுவோம்."

எனக்கு முகம் சுட்டது. ஊருக்கெல்லாம் காப்பியைப் பிடிக்கிற என்னை ஒருவர் எழுப்பி நிற்கவைத்துவிட்டார்.

இணைப்பு ஒன்று என்றால் அந்த ஆள் இந்தக் கடைக்குள்தான் இருக்கவேண்டும். வருகிறவர்களை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் நான் பார்த்ததும் திரையிலிருந்த பக்கத்தை மூடினான். அவன் பார்த்தது வேறு சமாச்சாரம். தோல் மண்டி குமாஸ்தா ஒருவர் எப்போதும் எனக்குப் பின்னால்தான் உட்காருவார். அவர்தான் என்று முக்கால்வாசி முடிவு கட்டியிருந்தேன். அப்போதுதான் தண்ணீர் கேட்கக் கடைக்காரர் பாயின் மேசைக்குப் போனேன். அவருடைய திரையில் பெரிய எழுத்தில் "தாடிக்கொம்பு".

"என்ன பாய் இது?"

அவர் அசரவில்லை. "யாரு என்னத்த பாக்குறாகன்னு எனக்கு இந்தத் திரையில தெரியும் சார். நாளைக்கு போலீசு வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும். நீங்க ஒருத்தருதான் உருப்படியா எதோ செஞ்சுக்கிட்டு இருந்தீக. நானும் சேந்துக்கிட்டேன்."

"சோதிச்சுப் பாத்தீகளா, சும்மா அமுக்குனீகளா?"

"ஒவ்வொண்ணையும் அடிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். அல்லா மேல சத்தியம்."

என் திரையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதில் எரிச்சல் வந்தது. ஆனால் அவர் ஒரு தனி ஆள் என்பதில் நிம்மதியும் வந்தது. அதை நிரூபிக்க வழியும் அவரே சொன்னார். நான் வேறு ஊருக்குப் போய் அனுப்பவேண்டும், அதே நேரம் அவர் கடையிலிருந்து அனுப்பவேண்டும். கடை திண்டுக்கல்லில், நான் போகும் ஊர் ஒட்டன்சத்திரம் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை மென்பொருள் சி.டி.யைப் பையில் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு சென்டர். மென்பொருளை ஏற்றி "தாடிக்கொம்பு" என்று அடித்தேன். கொம்பு தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். அப்போதும் சரியாகவே வந்தது. அங்கே பொறுப்பிலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, தாடிக்கொம்புக்கு பஸ்ஸு வேணுங்களா?" என்றார்.

வெளியே வந்து பாய்க்கு போன் செய்தேன். "இங்க சரியா வருது பாய்."

"இங்க உடைஞ்சுதான் வருது சார். நான் 'வருகிறது'ன்னு இப்பத்தான் அனுப்பிட்டேன்." பிறகு குரலைத் தணித்து, "நீங்களும் வருதுன்னே போட்டுவிடுங்க. ஒட்டன்சத்திரத்துக்கு வந்து யாரு பாக்கப்போறா?" என்றார்.

அவர் சொன்னபடி எழுதினால் கணக்கு தப்பிக்கும். வரவில்லை என்று எழுதினால், இத்தனை நாளும் எழுதியது பொய் என்று ஆகிவிடும். உள்ளே திரும்பிப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் அதற்குப் பெயர் காப்பிதான். "இங்கே எனக்கு வரவில்லை" என்று பதிந்துவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பயமாக இருந்தது. பாய் என்னை வேண்டுமென்றே மாட்டிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. "ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதியிருந்தால் தன்னைத் தானே மறுத்திருக்க மாட்டார். நீங்கள் இருவர்தான். திண்டுக்கல் கடையில் உள்ள எழுத்துருவைப் பாருங்கள்."

பார்த்தோம். ஏதோ ஒரு சி.டி.யிலிருந்து பழைய எழுத்துரு ஒன்றைப் பாய் எல்லாக் கணினியிலும் ஏற்றி வைத்திருந்தார். அதை எடுத்ததும் கொம்பு முன்னால் வந்து நின்றது. ஆள் இரண்டாக இருந்தோம், தப்பு ஒன்றாக இருந்தது. காப்பியும் இல்லை. இத்தனை வருடம் நான் எழுப்பி நிறுத்திய பிள்ளைகளின் முகங்கள் அன்று வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

அடுத்த வாரம் புதிதாக ஒரு கோளாறு எழுதினேன். உடனே பாயிடமிருந்து பதிவு வந்தது: "எனக்கு வரவில்லை." எட்டிப் பார்த்தேன். அவர் தன் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உண்மையிலேயே வரவில்லையா, நாங்கள் இருவர் என்று காட்டத்தான் அப்படிப் போட்டாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.