கேட் வாசலில் போட்ட நாற்காலி

பஞ்சுத் தூசியும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை ஒன்று உண்டு. ஷிப்டு முடிந்து ஏழெட்டுப் பேர் எங்கள் மில் லைன் வீட்டின் சமையற்கட்டுக்குள் நுழைந்தால், அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் வாசனையை அது அமுக்கிவிடும். அம்மா இல்லாத வீடு அது. நான் நடக்கப் பழகும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்; கொஞ்சம் வளர்ந்ததுமே அடுப்பு என் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வீடு வெறிச்சென்று இருந்ததில்லை. என் அப்பா அந்தோணி, மைசூரில் ஒரு நூல் மில்லின் யூனியன் தலைவர். அவரைத் தேடி வருகிறவர்கள் முன்வாசலைத் திரும்பியும் பார்க்காமல் பின்பக்கமாகவே வந்து, "அந்தோணியண்ணே" என்று கூவிக்கொண்டு பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்கள். அப்பாவோடு ஒரே மிஷினில் நின்ற கன்னடக்காரர் நிங்கப்பா, "ஏன் பாப்பா, உங்கப்பன் ஊருக்கெல்லாம் நியாயம் கேக்கறான், இந்த ரசத்துல உப்பு ஏன் இல்லேன்னு கேக்க மாட்டானா?" என்று என்னைச் சீண்டுவார்.

மில் வாசலில் போடும் 'கேட் மீட்டிங்'குக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எல்லோரும் தரையில்தான். பெங்களூரிலிருந்து பெரிய தலைவரே வந்தாலும் மண்ணில் உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் எழுந்துதான் பேச வேண்டும். நாற்காலி ஒன்று வந்தால் அது மேனேஜருக்காகத்தான் வரும். "நாற்காலி வேணும்கறவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காரட்டும்" என்பார் அப்பா.

அப்படிப்பட்டவரை எல்லோருமாகச் சேர்ந்து முனிசிபாலிட்டி தேர்தலில் நிறுத்தினார்கள், ஜெயித்தார். மாலை போட்டு மண்டி மொஹல்லா சந்துகளில் அவரைத் தூக்கிவந்தபோது நான் நிங்கப்பாவின் தோளில் இருந்தேன். மெம்பர் மகள் என்று சொல்லும்போது இன்றைக்கும் என் தலை நிமிரத்தான் செய்கிறது. எங்கள் லைனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அவரால்தான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மெம்பர் வேலையும் ஷிப்டும் ஒத்துவராமல் அவர் மில்லை விட்டதும், எங்கள் பின்பக்கக் கதவைத் தட்டுவாரில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை. அவர்களாகவே முன்பக்கம் வந்து, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, "மெம்பர் சார் இருக்காரா பாப்பா?" என்று கேட்டார்கள். "உள்ள வாடா" என்று அப்பா கூப்பிட்டால், "இருக்கட்டும் சார், இங்கயே நிக்கறோம்" என்பார்கள். நான் பழக்கதோஷத்தில் எல்லோருக்குமாக வடித்துவிட்டு, மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் பழையதைத் தின்போம்.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் மில்லைப் பூட்டிவிட்டது. வேலையில்லாமல் எல்லோரும் கேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து பழைய மில் காக்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம ஆளுங்களோட போய் உக்காரணும், வா" என்று என் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போனார். அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்களைக் கண்டதும் நிங்கப்பா ஓடிப்போய் எதிர் டீக்கடையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, தோள் துண்டால் துடைத்துப் போட்டார்.

"யாருக்குடா இது?"

"உங்களுக்குத்தான் சார். உக்காருங்க."

"நிங்கா, நான் சாராடா உனக்கு?"

நிங்கப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். உடனே பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மெம்பர் தரையில் இருக்கும்போது அவருக்குச் சமமாக எப்படி உட்காருவது? அவர்கள் எழுந்ததைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். கூட்டம் முழுவதும் சுற்றி நிற்க, நடுவில் அப்பா மட்டும் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "உக்காருங்கப்பா, உக்காருங்க" என்று கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. வெயிலில் அத்தனை பேரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? மெதுவாக எழுந்தார், மண்ணைத் தட்டிவிட்டார், அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்தார்கள். மில் பிறகு திறந்தது; அவர் இன்னொரு தடவையும் மெம்பராக ஜெயித்தார். கேட்டுக்கு மட்டும் தானாகப் போகவே இல்லை.

என் மகள் ஸ்டெல்லா இப்போது அயர்லாந்தில் நர்ஸ். போன வாரம் போனில் ஒரு வீடியோ காட்டினாள். நர்ஸுகள் மழையில் கொடி பிடித்து நிற்கிறார்கள். தலை நரைத்த ஒரு மனுஷர் நடுவில் நின்று காகிதக் கப்பில் டீ குடிக்கிறார். பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள்.

"யாருடி அது?"

"முன்னாடி யூனியன்ல இருந்தவரும்மா. இப்ப பார்லிமெண்ட்ல இருக்காரு."

"அவரைப் போய்ப் பேர் சொல்லியா கூப்பிடுறீங்க?"

"இங்க எல்லாரும் அப்படித்தாம்மா. சார்னா அவருக்குச் சிரிப்பு வந்துரும்."

"உக்கார நாற்காலியாவது போட்டீங்களா?"

"எல்லாரும் ரோட்டுல நிக்கறோம், அவருக்கு மட்டும் எதுக்கும்மா நாற்காலி?"

அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, வைத்துவிட்டாள். மில் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். கேட் இல்லை, லைன் வீடுகள் இல்லை, நிங்கப்பா போய்ப் பல வருஷமாகிறது. மெம்பர் அந்தோணியைத் தெரியும் என்று சொல்லக் கிழவர்கள் இரண்டொருவர் இன்னும் இருக்கிறார்கள். 'அந்தோணியண்ணே' என்று கூப்பிட்டவர்களில் இந்த ஊரில் ஒருவரும் இல்லை.