பின்சீட்டில் ஒரு மெக்கானிக்

வலது காலைத் தூக்கிப் போட்டுப் பின்சீட்டில் ஏறி உட்காருகிறார். கருவிப் பையை மடியில் வைத்து, அதன் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். ஓட்டுகிறவரின் தோளில் ஒரு கையை வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். "ம், போலாம். நிக்கிற வரைக்கும் போங்க."

இதுதான் அவர் வேலை செய்யும் முறை. ஓடுகிற வண்டியை அவர் தொட மாட்டார். பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "நேத்து வழியில நின்னுடுச்சு அண்ணே" என்று அழுதால், "இப்ப நிக்கலையே?" என்பார். எங்கே நிற்கிறதோ அங்கேயே, எப்படி நிற்கிறதோ அப்படியே பார்த்தால்தான் கோளாறு பிடிபடும் என்பது அவர் கட்சி. ஆகவே, பழைய பைக் வைத்திருக்கும் அத்தனை பேரின் முதுகும் அவருக்கு அத்துப்படி. முகத்தை மறந்தாலும் மறப்பார், முதுகை மறக்க மாட்டார். தபால்காரருடையது தூங்குகிற முதுகாம். மருந்துக்கடைக்காரருடையது வாயாடி முதுகாம். "உங்களுது பயந்த முதுகு சார்" என்று என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார். பயப்படாமல் என்ன செய்வது? என் வண்டி அப்படி.

அவரை எல்லோரும் கரண்ட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். வயது அறுபதை நெருங்குகிறது. இளம் வயதில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர், பிறகு பைக் பக்கம் வந்தார். வந்தாலும் பழைய புத்தி போகவில்லை. "எஞ்சின்ங்கிறது வெறும் இரும்பு சார். அதுக்கு உசிரே கரண்ட்தான்" என்பார். பெட்ரோலிடம் அவருக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. மேலே ஊற்றினால் கீழே இறங்கப் போகிறது, அதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறவர். இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டல்லவா? வண்டி நின்றதும் முதல் காரியமாக டேங்க் மூடியைத் திறப்பார். ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். இடுப்பால் வண்டியை ஒரு ஆட்டு ஆட்டுவார். சளக் என்று கேட்டதும் மூடிவிடுவார். "இருக்கு. அப்ப கரண்ட்தான்."

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு கச்சேரி. தூரத்துக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும், கிட்டத்துக் கண்ணாடி கயிற்றிலிருந்து மூக்குக்கு வரும். பையிலிருந்து ஒரு இண்டிகேட்டர் பல்பு வெளிவரும். அதன் அடியில் இரண்டு வயர்களைப் பற்ற வைத்திருப்பார். "மீட்டர் பொய் சொல்லும், பல்பு சொல்லாது." ஒரு வயரை பாட்டரியில் கொடுத்து, மறு வயரால் ஃப்யூஸ், சுவிட்ச், காயில் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவார். எரிந்தால் "ம்", எரியாவிட்டால் "ஆஹா". துரு ஏறிய இடத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். நடுநடுவே தானும் ஒரு பிஸ்கட் தின்று, வண்டிக்காரருக்கும் ஒன்று நீட்டுவார். வெயிலில் நடுரோட்டில் நிற்கிறோம் என்பதே நமக்கு மறந்துவிடும்.

என் வண்டி நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக். குடம் போல டேங்க், சோபா போல சீட்டு, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அதில் இருபது வருடம் என்னோடு. போன வருடத்துக்கு முந்தின மழைக்காலம் வரை சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த மழையில் டேங்க்குக்குள் தண்ணீர் இறங்கி, வீட்டு வாசலிலேயே நின்றுபோனதை அண்ணன்தான் வந்து சரிசெய்து கொடுத்தார். அப்புறம் பிடித்தது சனி. கிளம்பி முக்கால் மணி நேரம் தங்கமாக ஓடும். பிறகு இரண்டு இருமல், ஒரு விக்கல், அவ்வளவுதான்.

கரண்ட்டு அண்ணன் இதன் பின்சீட்டில் மூன்று தடவை வந்தார். முதல் தடவை காயிலை மாற்றினார். அடுத்த தடவை வயர் முழுக்கப் புதிது. மூன்றாவது தடவை ரெகுலேட்டர். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்து, மூடி, எதையாவது கழற்றி மாட்டிவிட்டு பட்டனை அமுக்கினால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். "பாத்தீங்களா?" என்று மீசையைத் தடவுவார். மறு வாரமே நான் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பேன். "இந்த மாப்பிள்ளைக்கு இன்னும் என்னதான் செய்யணுமாம்?" என்று அலுத்துக்கொள்வார். குறை எப்போதும் வண்டியுடையது, இல்லாவிட்டால் வண்டியைச் செய்தவனுடையது. தன் கை தப்பியது என்று அவர் ஒப்புக்கொண்டு யாரும் கேட்டதில்லை.

என் மனைவிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. இந்த வண்டியில் மலைக்குக் கூட்டிப்போவதாக நான் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பாதி வழியிலேயே திரும்பினோம். அவளுடைய தம்பி வாங்குவதற்கு ஒரு ஆளையே பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. "சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நின்னா வித்துடணும். பேச்சே கிடையாது" என்றாள். அன்று இரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாதியில் எழுந்து போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை. பின்சீட்டில் அண்ணன், கண் மூடியபடி. முக்கால் மணி நேரத்தில், ஒரு கிடங்கின் நீண்ட மதிலோரம் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. அவர் இறங்கி மூடிக்குச் சாவி கேட்டார். டேங்க்குக்குத் தனிச் சாவி. அது வீட்டில், ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பரவால்ல விடுங்க. நேத்துதானே ரொப்புனீங்க?" இடுப்பால் ஒரு ஆட்டு ஆட்டினார். சளக். "அப்ப கரண்ட்தான்."

பல்பு எல்லா இடத்திலும் எரிந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து பட்டனை அமுக்கச் சொன்னார். நீலமாக, கொழுத்த பொறி பறந்தது. மறுபடி அமுக்கச் சொன்னார். மறுபடி பறந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்துக் கொஞ்சியிருப்பார். பிளக்கை மாட்டிப் பார்த்தோம், வண்டி கிளம்பவில்லை. பத்து நிமிடம் பொறுத்துக் கிளம்பியது. நூறு அடி போய் மறுபடி படுத்துவிட்டது.

"கரண்ட் இருக்கு சார்" என்றார், ஏதோ துக்கம் சொல்கிற குரலில்.

வேறு வழியில்லாமல் பெட்ரோல் பைப்பைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டார். நாலு சொட்டு விழுந்து நின்றது. டேங்க் நிறைய பெட்ரோல், வெளியே வர மட்டும் மறுக்கிறது. "உள்ள குப்பை அடைச்சிருக்கும். திறந்து பாக்கணும். சாவி வேணுமே."

நான் வீட்டுக்குப் போன் செய்தேன். "சாவியோட என் தம்பியையும் அந்த ஆளையும் கூட்டிட்டு வரவா? அங்கேயே முடிச்சிடலாம்" என்றாள் மனைவி. ஆனாலும் தனியாகத்தான் பஸ் பிடித்து வந்தாள். இறங்கிய வேகத்தில் யாரிடமும் சாவியைக் கொடுக்காமல் தானே மூடியில் விட்டுத் திருகினாள்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை இழுத்தது. அந்தக் கணமே பைப்பிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று பாட்டிலில் கொட்டியது.

"மூடுங்க தங்கச்சி!" என்று கத்தினார் கரண்ட்டு அண்ணன். மூடினாள். ஒழுகல் மெலிந்து, சொட்டாகி, நின்றது. "திறங்க!" திறந்தாள். கொட்டியது. அவளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது; அவர் சொல்லாமலே இன்னொரு தடவை மூடித் திறந்தாள்.

அவர் மூடியை வாங்கிப் புரட்டினார். உள்பக்கம் கறுப்பு ரப்பர் ஒன்று, மூடிக்கு அளவெடுத்தது போல வட்டமாக வெட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தார். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை.

"காத்து போற வழி" என்றார் மெதுவாக. "காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். இந்த ரப்பர் அதை அடைச்சிருக்கு. நாம ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து பாத்தோமில்ல? அப்பதான் காத்து போயிருக்கு. அதான் கிளம்பியிருக்கு."

"அப்ப அந்தக் காயில்?" என்றேன்.

"நல்ல காயில் சார்."

"ரெகுலேட்டர்?"

"அதுவும் நல்லதுதான்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் மதிலில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பைப்பை மாட்டி, ரப்பர் இல்லாத மூடியைப் போட்டு, என்னைத் தனியாக அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தேன். ஒரு இருமல் இல்லை. இரண்டு பேரும் மதில் நிழலில் பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்திருந்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், போனை எடுத்தாள். "டேய், அந்த ஆளை வரவேண்டாம்னு சொல்லிடு. இல்ல, விக்கல. நாங்க மலைக்குப் போறோம்." எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூசி என்று சமாளித்துக்கொண்டேன்.

கரண்ட்டு அண்ணன் முகத்தில் மட்டும் பழைய சிரிப்பு இல்லை. அந்த ரப்பரை இடது கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் ட்யூபில் வெட்டியது அது. ஓரம் பிசிறில்லாமல், அழகாக வெட்டியிருந்தது.

மனைவி போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள். "அது சரி, எந்தப் புத்திசாலி இதை அங்க ஒட்டினது? மழைத் தண்ணி உள்ள போகாம இருக்கவா?" கேள்வி அண்ணனுக்கு, பார்வை எனக்கு.

நான் அவசரமாக, "வெளியூர்ல பாத்த மெக்கானிக் எவனாவது ஒட்டியிருப்பான்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்று அவளும் விட்டுவிட்டாள்.

கரண்ட்டு அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பெட்ரோல் வாசனை போகாத வலது கையை, பள்ளிக்கூடத்துப் பையன் போல மெல்ல மேலே தூக்கினார்.