இரண்டாவது சாவி

அக்கா வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். இரவு முழுக்கப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் தள்ளி, மடித்து அடுக்குவாள். விடியும்போது கால்கள் அவளுடையவையாக இருக்காது. மாமா டவுன் பஸ் டிரைவர். காலையில் முதல் பஸ் அவருடையது. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அவர்கள் குடும்பம் நடத்தியது இப்படித்தான். எனக்கு அது ரொம்ப நாள் வேடிக்கையாக இருந்தது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. மேடு பள்ளம் இல்லாமல் தளம் போட்ட பாதை. சர்க்கரை வந்தவர்களை டாக்டர்கள் நடக்கச் சொல்லி அனுப்புகிற மாதிரி. ஒரு பக்கம் கம்பித் தடுப்பும் ஆறும், மறுபக்கம் அடுக்குமாடிகளின் முதுகு: ஏசி பெட்டிகள், குழாய்கள், காயப்போட்ட துணிகள். டெப்போவுக்குப் போகும் மாமாவும் வீடு திரும்பும் அக்காவும் ரயில் பாலத்துக்கு அடியில், தூணை ஒட்டிய பெஞ்சில் சந்தித்துக்கொள்வார்கள். மாமா வீட்டைப் பூட்டி எடுத்து வந்த சாவி அங்கேதான் கைமாறும். கூடவே ஃபிளாஸ்கில் டீ.

"பஸ் டிரைவர் பொண்டாட்டி நடந்து வர்றா. ஊரே சிரிக்குது."

"இந்நேரத்துக்கு பஸ் வேணும்னா நான்தான் ஓட்டணும். நான் இங்க உன்கூட உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கேன்."

சண்டையும் தவணை முறையில்தான். தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தது யார் என்ற வழக்கு ஒரு வாரம் நடந்தது. முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து, முன்னுரை இல்லாமல், "அப்ப நீயே சொல்லு" என்று மாமா ஆரம்பிப்பாராம். அந்த வழியாக நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பெரியவர் ஒருவர் அவர்களுக்குச் 'சாவிக்காரங்க' என்றே பேர் வைத்துவிட்டார்.

அந்த வீட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன. குடிவந்த புதிதிலேயே ஒன்று தொலைந்துபோனது. சலவைக் கூடையோடு இயந்திரத்துக்குள் போயிருக்கும் என்று அக்கா சொல்வாள். இன்னொன்று செய்துகொண்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாயை மூடுடா. ரெண்டு சாவி இருந்தா உங்க மாமா நிப்பாருன்னா நினைக்கிற? நடந்துகிட்டே கையைக் காட்டிட்டுப் போயிடுவாரு."

போன வருடம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாமா பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. சிரமமே இல்லாத அந்தப் பாதை அவளுக்கு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

"ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சீக்கிரமே முழிப்பு வந்துடுச்சு."

"தினமுமா வரும்?"

கடைசியில் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். "இதுக்கு மேல வந்தீங்கன்னா உங்களையும் மெஷின்ல போட்டுத் துவைச்சிடுவாங்க," என்றாளாம். அதற்கு மேலும் அவர் போக வேண்டியிருந்தது. அவளை அங்கேயே மாடியில் சேர்த்தார்கள். இதயம் வீங்கிப்போயிருந்தது. நான் பார்க்கப் போனபோது விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "இது நம்ம மடிப்பு இல்லடா. யாரோ புதுசு," என்றாள். காலையில் மாமா சாவியைக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையில் வைப்பார். கிளம்பும்போது திரும்ப எடுத்துக்கொள்வார். நர்ஸ்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, மாமாவைத் தனியாக விட மனமில்லாமல் அங்கேயே தங்கினேன். அவர் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், நான் எழுந்து பார்த்தால் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். போன் செய்தேன்.

"மாமா, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

அந்தப் பக்கம் ஒரு ரயில் தடதடத்துக்கொண்டு போவது கேட்டது.

"மாப்ள, நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன்," என்றார். "டீயும் ஆறிப்போச்சு."

அவருடைய முதல் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தவர் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மனுஷனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கேன். ஏதாவது ஆகியிருந்தா?"

"பரவாயில்ல மாமா. இன்னொரு சாவி செஞ்சுக்கலாம்." சொன்ன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. "அவளுக்குத்தான் அது பிடிக்காது."

"உன்கிட்டயும் சொன்னாளா?"

தலையாட்டினேன். அவர் தோள்பையைத் திறந்து, அடியில் கிடந்த கூலிங் கிளாஸ் டப்பாவை எடுத்தார். அதற்குள் ஒரு சாவி இருந்தது. புதுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"மெஷின்ல எல்லாம் போகல. என் பழைய யூனிஃபார்ம் பாக்கெட்ல இருந்துச்சு. கிடைச்சிடுச்சுன்னு சொல்லத்தான் போனேன். அன்னிக்கு அவ அசதியா வந்து உக்காந்து, சாவியை வாங்கிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்னு கேட்டா. நான் சொல்லல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பாளா? ஒரு வருஷத்துக்கு அதை வெச்சே சண்டை போட்டிருப்பா." சிரிக்கப் பார்த்தார். "இந்தா, நீ வெச்சுக்கோ. இனிமே எனக்கு எதுக்கு?"

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருவருக்குமே அலுப்பாக இருந்தது.

இன்று காலை அவரோடு பாலம்வரை நடந்தேன். ஆறு அழுக்காக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெஞ்சு வந்ததும் நான் தயங்கினேன். மாமா நிற்கவில்லை. நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், அந்தப் பக்கம் கையை மட்டும் லேசாகக் காட்டிவிட்டு டெப்போவை நோக்கிப் போய்விட்டார்.